நாரை வீரனின் தங்கை

…அதிலும் துப்பாக்கி, தாவோவின் கையில் துப்பாக்கி, ஒற்றைக் காலில் நின்றபடி பன்னிரண்டு ஈட்டிக்காரர்களை வெறுங்கையால் சாய்த்தவனுக்கு இந்த வயதில் துப்பாக்கி எதற்கு, எடுத்தவர்கள் முதல் படத்தை ஒரு தடவையாவது பார்த்தார்களா, இல்லை போஸ்டரை மட்டும் பார்த்துவிட்டு எடுத்தார்களா, என்று ஷர்லி பொருமிக்கொண்டிருக்கும்போதே ஆலங்குடி பஸ் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு குலுக்கலோடு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் போய்விட்டு வருகிறாள், ‘நாரை வீரன்’ இரண்டாம் பாகம், முழுதாகக்கூடப் பார்க்கவில்லை, கடைசிச் சண்டைக்கு முன்னாலேயே எழுந்து வந்துவிட்டாள், இருபத்து நான்கு வருடம் காத்திருந்த படத்தைவிட்டு யாராவது பாதியில் எழுந்து வருவார்களா? முதல் படத்தில் சண்டை என்றால் சண்டை, மூன்று நிமிடம் கேமரா அசையாது, தாவோ மூச்சு வாங்குவது தெரியும், வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்று விழுவது தெரியும், அடி வாங்கியவனுக்கு வலிக்கும், அடித்தவனுக்கும் வலிக்கும், கையை உதறிக்கொள்வான். இதில் கண்ணை இமைப்பதற்குள் நாலு வெட்டு, யார் யாரை அடித்தார்கள் என்று விசாரணைக் கமிஷன் வைத்தால்தான் தெரியும். அறுபது வயது மனிதரைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள், பாவம், முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் இஸ்திரி போட்டு வழவழவென்று ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் குரல் வேறு. பழைய படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் யாரோ, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு கனம்… இப்போது தாவோ, மலைமேல் மடத்தில் பதினெட்டு வருடம் வாயே திறக்காமல் இருந்தவன், எதிரியைப் பார்த்து ‘ஓவரா சீன் போடாத ப்ரோ’ என்கிறான், தியேட்டரில் ஒரே சிரிப்பு, ஷர்லிக்குத் தன் வீட்டு ஆளை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேலி செய்ததுபோல் இருந்தது. சண்டைக்கு முன்னால் அங்கியின் ஓரத்தை எடுத்து இடுப்பில் செருகுவானே, அதையாவது விட்டு வைத்திருக்கலாம். அதையும் காணோம், பேண்ட் போட்டிருக்கிறான்.

‘எங்கம்மா?’ என்று கண்டக்டர் வந்தார், ‘ஆலங்குடி ஒன்னு’ என்று டிக்கெட்டை வாங்கிப் போன் உறைக்குள் செருகும்போது திரை வெளிச்சமாகி ஜஸ்டினின் பெயர் வந்தது. காலையில் வந்தவை இரண்டு வரி, ‘படம் நல்லால்ல’, ‘போகாத ஷர்லி’. இப்போது மூன்றாவது, ‘போயிட்டியா?’. அண்ணன் சிங்கப்பூரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற கம்பெனியில் சூப்பர்வைசர், வெள்ளிக்கிழமையே அங்கே பார்த்துவிட்டான் போலிருக்கிறது. இரண்டு வருடமாக அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் அம்மா சந்தனமேரிதான் தபால்காரி வேலை பார்க்கிறாள், அவன் கேட்டதை இவளிடம், இவள் கேட்காததையெல்லாம் கேட்டதாக அவனிடம். போன மாதம் ஒரு வார்த்தையும் இல்லாமல் இந்தப் படத்தின் டிரெய்லரை அனுப்பினான், அவளும் ஒரு வார்த்தையும் இல்லாமல் ஒரு கட்டைவிரலை அனுப்பினாள், அந்தக் கட்டைவிரலை அனுப்புவதற்குள் மூன்று நாள் ஆயிற்று. படம் வரட்டும், பார்த்துவிட்டு அதைப் பேசுகிற சாக்கில் பேச்சு வந்துவிடும், அப்பாவைப் பற்றி உடனே பேச வேண்டியிராது, தாவோவைப் பற்றிப் பேசலாம், அப்படியே மெதுமெதுவாக… என்றுதான் நினைத்திருந்தாள், அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான், இல்லையென்றால் எதற்கு டிரெய்லர்? அப்படி இருக்க, காலையில் எழுந்து பார்த்தால் ‘போகாத’. இரண்டு வருடம் கழித்து வந்த முதல் பேச்சே ‘போகாத’. நான் எதைப் பார்க்க வேண்டும், எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று முடிவு பண்ணுகிற பழக்கம் இவனுக்கு இன்னுமா போகவில்லை? அந்த வீம்பில்தான் குழந்தை நான்சியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

வந்தவளுக்கு முதல் காட்சியிலேயே சூடு வைத்தார்கள். தாவோ ஒரு மர வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், சுவரில் ஒரு சின்னப் பெண்ணின் படம், அதன் முன்னால் ஊதுபத்தி. லின். இரட்டைச் சடை, கன்னத்தில் மரு, தாவோவின் தங்கை, முதல் படம் முழுக்க அவன் தேடி அலைவது இவளைத்தான். ஷர்லிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, இரண்டு படத்துக்கும் நடுவில் இவளைச் சாகடித்துவிட்டார்களா, எப்போது, எப்படி, அதைச் சொல்ல ஒரு வசனம்கூடவா இல்லை, தங்கச்சியைக் கொன்றால்தான் அண்ணனுக்கு வீரம் வருமா, கதை எழுதுகிறவர்களுக்கு வேறு வழியே தெரியாதா… அவள் எப்போது வருவாள் என்று பார்க்கத்தான் ஷர்லி வந்ததே. லின்னுக்கும் முப்பது தாண்டியிருக்கும், தன்னைப் போலவே பிள்ளை பெற்றிருப்பாள், ஆற்றங்கரையில் வாத்துகளை விரட்டிக்கொண்டிருப்பாள்… இடைவேளையில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொட்டியேவிட்டாள். ஐம்பது வயது இருக்கும், ராக்கன் என்று பெயர் சொன்னார், மனைவியோடு வந்திருந்தார், முதல் படத்தை இதே ஊரில் ஏழு தடவை பார்த்தவராம், அவருக்கும் துப்பாக்கி பிடிக்கவில்லை, அதனால் இரண்டு நிமிடத்தில் சொந்தக்காரர்போல் ஆகிவிட்டார். ‘அதெல்லாம் போகுதுண்ணே, லின்ன எதுக்குக் கொன்னாங்க? மொதப் படத்துல அவ்வளவு பாடுபட்டுக் காப்பாத்துனது எதுக்கு?’ என்றாள். ‘என்னத்தா சொல்றீங்க? அந்தப் புள்ள மொதப் படத்துலயே செத்துப்போச்சேத்தா’ என்றார். இல்லவே இல்லை என்றாள் ஷர்லி, கடைசியில் கயிற்றுப் பாலத்தில் ஈட்டி தோளில்தான் படும், எழுந்துவிடுவாள், இரண்டு பேரும் படகில் வீட்டுக்குப் போவார்கள், வீட்டு வாசலில் வாத்து மேயும், நன்றாக ஞாபகப்படுத்திப் பாருங்கள் என்று அவருக்கே எடுத்துச் சொன்னாள், ஏழு தடவை பார்த்த மனிதருக்கு. ‘வாத்தா?’ என்று ராக்கன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, துக்கச் சேதி சொல்ல வந்தவரின் பக்குவத்தோடு போனை எடுத்து, தேடி, அவள் முன்னால் நீட்டினார். நாலு நிமிடம். அதே பாலம். ஈட்டி நெஞ்சில்தான் பட்டது. டப்பிங் செய்யாத மூலப் படம் போலிருக்கிறது, லின் அண்ணன் மடியில் கிடந்து சீனத்தில் ஏதோ சொல்கிறாள், கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது, ‘அண்ணா, வீட்டுக்குப் போகலாம்’, அப்புறம் கண் திறந்தபடியே நிற்கிறது. படகு இல்லை. ‘தேம்பித் தேம்பி அழுதேன்த்தா, எட்டு நாளு சோறு எறங்கல’ என்றார் ராக்கன். அவர் மனைவி தன் கையிலிருந்த சோளப்பொரிப் பொட்டலத்தை ஷர்லியின் பக்கம் நீட்டினாள்.

அப்படியென்றால் படகு எங்கேயிருந்து வந்தது? பஸ் ஊரைத் தாண்டித் தைலமரக் காடுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிறது, வெயில் மரங்களுக்கு இடையில் விட்டுவிட்டு அடிக்கிறது, ஷர்லி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த ஜன்னலை நினைக்கிறாள்… ஆலங்குடி வீட்டு ஜன்னல். பத்து வயது, அம்மை போட்டிருந்தது. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து, உள்ளே ஆரோக்கிய மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி, அம்மா இரண்டு பக்கமும் மனுப் போட்டு வைத்திருந்தாள், பங்குச் சாமியார் பார்க்க வருகிறார் என்றால் வேப்பிலையை உருவி அடுப்படியில் ஒளித்துவைப்பாள், அவர் தெருமுனை தாண்டியதும் மறுபடி செருகுவாள். வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளியே போய்வந்தவர்கள் அவள் படுத்திருந்த அறைக்குள் வரக் கூடாது, சினிமாவுக்கு வீட்டில் ஒருத்தரும் போகவே கூடாது. பதினைந்து வயது ஜஸ்டின் போனான். இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருந்த படம், போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து பேசிப் பேசிச் சட்டை முதற்கொண்டு எடுத்துவைத்த படம், அவள் படுத்துவிட்டாள், வெள்ளிக்கிழமை படத்தை மாற்றிவிடுவார்கள், ‘நான் போயி பாத்துட்டு வந்து ஒனக்கு அப்புடியே சொல்றேன் புள்ள, ஒன்னு விடாம’ என்று கிளம்பிவிட்டான். அப்பா ஆரோக்கியமுத்து இந்த ரூட்டில்தான் அரசு பஸ் ஓட்டினார், அப்பா ஓட்டிய பஸ்ஸிலேயே கடைசி சீட்டில் குனிந்து உட்கார்ந்து போய், அப்பா ஓட்டிய பஸ்ஸிலேயே குனிந்து திரும்பி வந்தான், அவனுக்கு அந்தத் தைரியம் எப்போதும் உண்டு.

அறைக்குள் வர முடியாதே, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் சொன்னான். அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், சொறியாமல் இருப்பதற்கும் அது நல்ல ஏற்பாடு. கைலியின் ஓரத்தை எடுத்து இடுப்பில் செருகினான், ஒற்றைக் காலில் நின்றான், முருங்கை மரம்தான் வில்லன், அதை உதைத்து உதைத்துப் பூவெல்லாம் கொட்டிவிட்டது. ‘கயித்துப் பாலம் ஷர்லி. அங்கிட்டு லின்ன கட்டிப் போட்டுருக்கான். இங்கிட்டுருந்து தாவோ ஓடி வாரான். வில்லன் ஈட்டிய ஓங்குறான், விட்டுட்டான், அது சர்ருன்னு வந்து…’ நின்றான். கைலி அவிழ்ந்துவிட்டதுபோல் எடுத்துச் செருகினான், அது அவிழவே இல்லை, அது இப்போதுதான் தெரிகிறது. ‘லின் செத்துட்டாளாண்ணே?’ என்று கேட்டாள். அன்றைக்குக் காலையில்தான் அம்மா பக்கத்து வீட்டுச் செங்கமலத்திடம் ‘காச்ச எறங்க மாட்டேங்குதே, எம்புள்ள என்னாகப் போகுதோ’ என்று அழுததைக் கேட்டிருந்தாள், ‘அம்ம போட்டாச் செத்துருவாங்களாண்ணே’ என்று அவனிடம் கேட்டும் இருந்தாள். ஜஸ்டின் கம்பிக்கு உள்ளே அவள் முகத்தைப் பார்த்தான், முகம் முழுக்க முத்து. ‘சேச்சே. தோள்லதான் பட்டுச்சு. எந்திரிச்சுட்டா.’ ‘அப்பறம்?’ ‘அப்பறம்… அப்பறம் ரெண்டு பேரும் படகுல வீட்டுக்குப் போயிட்டாங்க.’ அந்தத் தயக்கத்தை இத்தனை வருடமும் கதை சொல்கிறவனின் சாமர்த்தியம் என்றே நினைத்திருந்தாள்.

சரி, காய்ச்சல் இறங்கியது, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், பிழைத்துக்கொண்டாள், அதோடு உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே? இரண்டு வருடம் கழித்து அப்பா சிடி பிளேயர் வாங்கினார், ஜஸ்டின் தேடிப் பிடித்து ‘நாரை வீரன்’ சிடி வாங்கி வந்தான், ஒரு படத்துக்கு இரண்டு தட்டு. முதல் தட்டு பழுதில்லாமல் ஓடும். இரண்டாவது தட்டில் தாவோ பாலத்தில் ஓடி வருவான், வில்லன் ஈட்டியை ஓங்குவான், படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும், ஈட்டி அந்தரத்தில். ஜஸ்டின் தட்டை எடுத்துப் பற்பசை தடவித் தேய்ப்பான், தேங்காய் எண்ணெய் தடவித் தேய்ப்பான், வாழைப்பழத்தோலால்கூடத் தேய்த்தான், வாங்கின கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டுவான், ‘சரி விடு, நான் சொல்றேன்’ என்று எழுந்து டிவிக்கு முன்னால் வந்து கைலியைச் செருகுவான். பதினோரு தடவை பார்த்தார்கள், பதினோரு தடவையும் முடிவு ஜஸ்டின்தான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று கூடும், படகுக்குப் பிறகு வீடு வந்தது, வீட்டுக்குப் பிறகு சுடுகஞ்சி வந்தது, ‘வாத்து இருந்துச்சாண்ணே?’ என்று ஒருநாள் இவள் கேட்டாள், ‘அத விட்டுட்டேன் பாரு, ஏழு வாத்து’ என்றான். அந்தக் கீறல்… ஷர்லி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், கண்ணாடித் தகட்டில் கீறல் எது, அழுக்கு எது, கிருமி எது என்று பிரித்துப் பிரித்தே பழகிய கண், இப்போது அந்தத் தட்டை மனதுக்குள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள். மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்கும், ஓரத்தில் மட்டும் ஒரே கோடு, ஆழமாக, நேராக. தானாக விழுந்த கீறல் அப்படி அளந்தா விழும்? ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான், ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் இருந்தது. கீறியதும் அவனே, தேய்த்ததும் அவனே, கடைக்காரனைத் திட்டியதும் அவனே… அடப்பாவி, அந்தக் கடைக்காரனை நானும் சேர்ந்தல்லவா திட்டினேன், போன வருடம்கூட பஜாரில் அந்த ஆளைப் பார்த்து முறைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு தனியாகச் சிரித்தாள், முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

திருவரங்குளத்தில் நாலைந்து பேர் ஏறினார்கள், ஒரு பெரிய பலாப்பழமும் ஏறியது, டிரைவர் கியர் போட்டு நகர்த்தினார், அப்பா இந்த வளைவில் கியர் மாற்றும் சத்தமே தனி, பஸ்ஸுக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல் மாற்றுவார். இடைவேளை முடிந்ததும் ஏன் எழுந்து வரவில்லை? ராக்கன் முன்னால் எழுந்துபோக ஒரு கூச்சம், அப்புறம் படம் எப்படியும் பாலத்துக்குத்தான் வந்து சேரும், இந்தத் தடவை அந்த ஈட்டி எங்கே போய் விழுகிறது என்று முழித்த கண்ணோடு பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வைராக்கியம். வந்தது பாலம். துப்பாக்கியில் குண்டு தீர்ந்துபோய், தாவோ அதைத் தூக்கி எறிந்துவிட்டு, மொத்தப் படத்திலும் முதல் தடவையாக ஒற்றைக் காலில் நின்றான், தியேட்டரில் விசில், ராக்கன் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார். அப்போது தாவோ இருமினான். கைக்குட்டையில் ரத்தம், யாருக்கும் காட்டாமல் மடித்து உள்ளே வைத்துக்கொண்டான். அவ்வளவுதான், ஷர்லி எழுந்துவிட்டாள், நாலு பேர் முழங்காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அப்பாவும் இப்படித்தானே மடித்து வைத்திருப்பார், அவருக்குப் பக்கத்தில் நின்று அதை மறைத்தவன் ஜஸ்டின்தானே?

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஷர்லி ஓசூரில் இருந்தாள், கணவன் பால்ராஜுக்கு அங்கே ஃபேக்டரியில் வேலை, அவளுக்கும் ஒரு லேபில் வேலை. ஒன்று கலைந்து இரண்டாவது தங்கி ஏழாம் மாதம், படுக்கையைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். லீவில் வந்திருந்த ஜஸ்டின்தான் அப்பாவைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். ‘அல்சர்தான் ஷர்லி. மாத்தர குடுத்துருக்காங்க.’ ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றாள், தினமும் கேட்டாள், நான் பார்த்தால் எனக்கே புரியுமே என்றாள். ‘இன்னும் வரல’, ‘லேப்ல மிஷின் ரிப்பேராம்’, ‘நாளைக்குத் தாரேன்னாங்க’. பத்தொன்பதாம் நாள் அப்பா போய்விட்டார். கார் பிடித்து எட்டு மணி நேரம் படுத்தபடியே வந்து இறங்கியபோது பெட்டியில் இருந்தார், கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது, கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பீரோவில் அப்பாவின் சர்வீஸ் புத்தகத்துக்கு அடியில் அந்த ரிப்போர்ட் கிடைத்தது. தேதி பார்த்தாள். முதல் நாளே வந்திருக்கிறது. ஒரே ஒரு எண் போதும், ஈரல் முழுக்கக் கெட்டிருக்கிறது, இனி நாட்கள்தான், வாரங்கள்கூட இல்லை என்று எந்த லேபில் வேலை பார்ப்பவளுக்கும் தெரியும். பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் அதை அவன் இலையில் தூக்கிப் போட்டாள். ‘நீ யாருடா எனக்கு மறைக்கிறதுக்கு? கடைசியா ஒரு வார்த்த பேசியிருப்பேன்லடா. இனிமே எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல.’ ஜஸ்டின் இலையில் கிடந்த காகிதத்தில் சாம்பார் ஊறாமல் எடுத்துத் துடைத்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அம்மா பிறகு சொன்னாள், ‘ஒங்கப்பாதான்த்தா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனாக.’ ஷர்லி அதை நம்பவில்லை, அம்மாவும் இவனும் ஒரே பள்ளிக்கூடம்.

அன்றைக்குச் செய்தது தப்பா? இல்லை, தப்பில்லை, இப்போதும் தப்பில்லை, என் அப்பா, என் பத்தொன்பது நாள், அதை எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது… ஆனால் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய் ஷர்லி, படுக்கையில் படுத்திருப்பாயா? அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாய். குலுங்கக் குலுங்க வந்திருப்பாய். நான்சி இன்றைக்கு அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ‘பச்சு, பச்சு’ என்று வாசலில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் கை ஆட்டிக்கொண்டிருக்கிறாளே, அந்தக் கை இருந்திருக்குமா? இந்தக் கேள்வியை இரண்டு வருடமாக அவள் முழுதாகக் கேட்டு முடித்ததே இல்லை, பாதியிலேயே நின்றுவிடும், ஈட்டி அந்தரத்தில் நிற்பதுபோல். இன்றைக்கு என்னவோ அதுவாக ஓடி முடிந்துவிட்டது. அதற்காக மன்னித்துவிட முடியுமா? அந்தப் படகு உனக்குப் பிடித்ததே, இருபத்து நான்கு வருடம் அந்தப் படகில்தானே போய்க்கொண்டிருந்தாய், ஏழு வாத்தும் உன்னுடையதுதானே, அதைக் கொடுத்தவன்தான் அந்த ரிப்போர்ட்டையும் மறைத்தான், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுப்பாயா? தெரியவில்லை. அவனும் பாவம், காலையில் ‘போகாத’ என்று அடிக்கும்போது பயந்திருப்பான், இவ்வளவு நாள் காப்பாற்றியது ஒரு மேட்னியில் போய்விடுமே என்று. இவ்வளவு வயதுக்குப் பிறகும், இவ்வளவு திட்டு வாங்கிய பிறகும், எதற்காம்? அண்ணன் மேல் ஷர்லிக்கு இருந்த பிரியம் அப்படியே கிடந்திருக்கிறது, ஒரு துளி குறையவில்லை, அது தெரிந்ததும் கோபமும் அப்படியே பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

வம்பன் தாண்டியதும் போனை எடுத்து அழைத்தாள். ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டான். ‘ஷர்லி.’ ‘ம்.’ இரண்டு வருடம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு, தடித்துவிட்டது, அப்பாவின் குரல்போல் இருக்கிறது. ‘சாப்ட்டியா?’ ‘ம்.’ ‘புள்ள?’ ‘அம்மாட்ட இருக்கா.’ பின்னால் யாரோ சமையல் பாத்திரம் உருட்டும் சத்தம், அவன் நடந்து வேறெங்கோ போகிறான், சத்தம் குறைந்தது. ‘படத்துக்குப் போயிட்டியா?’ என்றான், பரீட்சை ரிசல்ட் கேட்பவனின் குரல். கேட்க எவ்வளவோ இருந்தது, கீறல், பற்பசை, காம்பஸ், கடைக்காரன், ரிப்போர்ட், எல்லாவற்றையும் வரிசையாகத்தான் வைத்திருந்தாள், வாயில் வந்தது வேறு. ‘போனேண்ணே. முழுசாப் பாக்கல. பாலத்துல நிக்கிறான், இருமுறான், அதோட எந்திரிச்சு வந்துட்டேன்.’ ‘ம்.’ ‘தாவோ என்னானான்? அப்பறம் என்னாச்சு?’

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதே தயக்கம், கைலியைச் செருகுகிற நேரம், அவன் முகம் இப்போது எப்படியிருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அங்கேயிருந்து கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். தன் இடது கை பஸ் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருப்பதைக் கவனித்தாள், எப்போது பிடித்தோம் என்று தெரியவில்லை. ‘எதச் சொல்ல ஷர்லி?’ என்றான் ஜஸ்டின், மெதுவாக, சின்ன வயதில் எப்போதும் கேட்காததை முதல் தடவையாகக் கேட்டான். உள்ளதைச் சொல், நடந்ததைச் சொல், என்று இரண்டு வருடமாக அவள் தூக்கத்தில்கூடச் சொல்லி வைத்திருந்த பதில், வாயைத் திறந்தாள், அது வரவில்லை. பஸ் நின்றது, ‘ஆலங்குடி, ஆலங்குடி எறங்குங்க’ என்று கண்டக்டர் சீட்டுகளைத் தட்டிக்கொண்டே வந்தார், பலாப்பழத்தை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள், முன் சீட்டுக்காரி இறங்கிவிட்டாள். ஷர்லி கம்பியை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

‘சொல்லுண்ணே’ என்றாள், எதை என்று சொல்லவில்லை.